மஞ்சள் துணியில் முடிந்து வைத்த பாஸ்வேர்டு

உ
அம்மன் துணை

ஆரணி,
மாசி 10, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி தென்னரசுவுக்கு அக்கா உண்ணாமலை எழுதும் கடிதம். அம்மன் புண்ணியத்தில் இங்கே உன் மாமா, அகல்யா, காவ்யா, நான்கு தறி, ஒரு துளசிச்செடி உள்பட எல்லாரும் சுகம். பெங்களூரில் நீயும் சுபத்ராவும் சுகமாக இருக்க வேண்டி வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் பேருக்கும் தனித்தனியாக அகல் ஏற்றி வருகிறேன். போன வெள்ளி எண்ணெய் கொஞ்சம் குறைந்துவிட்டதால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று. அதனால் ஒன்றும் குறை வராது, பூசாரியைக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டில் மெயில் இருக்கும்போது அக்கா எதற்குக் கவர் வாங்கி, பசை தடவி, ராத்திரி பெங்களூர் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். மெயிலில் எழுதினால் உனக்கு முன்னால் காவ்யா படித்துவிடுவாள். படித்தால்கூடப் பரவாயில்லை, ஒற்று விட்ட இடத்தில் எல்லாம் ஒற்றுப் போட்டு அனுப்புவாள். போனில் பேசலாம் என்றால், ஓடும் தறிக்கு நடுவே நான் பேசுகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும் என்று உன் மாமா சொல்கிறார். அதுவும் இல்லாமல் போனில் உன்னை நான் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்டு ஆறு நாள் ஆகிறது. "அக்கா, அது எனக்கே சரியா ஞாபகம் இல்லை, பார்த்துச் சொல்றேன்" என்றாய். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறாய். எனவே கடிதம்.

முதலில் இருந்து சொல்கிறேன். அரையாண்டுப் பரீட்சையில் அகல்யா கணக்கில் 38 வாங்கி வந்தாள். பத்தாவது படிக்கிற பெண், அரசாங்கப் பரீட்சை தலைக்கு மேல் நிற்கிறது, இவள் 38. சின்னவள் காவ்யா ஏழாவது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு தட்டு சோறு சாப்பிட அவளுக்கு ஒரு மணி பதினெட்டு நிமிஷம் ஆனதை நான் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதிலும் கத்தரிக்காய் மிச்சம். சரி, நெட்டையே நிறுத்திவிடுகிறேன் என்று கிளம்பினால் உன் மாமா தறியில் இருந்து எழுந்தே வந்துவிட்டார். "டிசைன் எல்லாம் மெயில்லதான் வருது, கோயம்புத்தூர் கடைக்காரர் மெயில்லதான் ஆர்டர் போடறார், நெட்டை நிறுத்தினா நான் புடவையைத் தலையில சுமந்துகினு போய் விப்பேனா?" என்றார். அவர் சொல்வதும் நியாயம். அப்போதுதான் நீ போனில் ஒரு வழி சொன்னாய். மெயில் மட்டும் திறக்கும், மற்றது எல்லாம் மூடிவிடும், ஒரு பாஸ்வேர்டைப் போட்டால்தான் மறுபடி திறக்கும் என்றாய். எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. கிருத்திகைக்குச் சோறு கூடாது, இட்லி கூடும். அந்தக் கணக்கில் மெயில் என்பது இட்லி. பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். உன் மாமாவின் போன், என் போன் இரண்டுக்கும் வெறுமனே பேசுகிற ரீசார்ஜ் மட்டும் போட்டேன்.

தைக் கிருத்திகை அன்னைக்கு நல்ல நேரம் பார்த்து, நீ அந்தப் பக்கம் ஒவ்வொரு எழுத்தா சொல்ல, உன் மாமா இந்தப் பக்கம் தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் எழுதினார். நான் காதுல பஞ்சு வெச்சுகினு, கண்ணையும் மூடிகினு பூஜை அலமாரிக்கு எதிரே உக்காந்திருந்தேன். ஏன்னா எனக்குத் தெரிஞ்சா காவ்யா நைசாப் பேசி வாங்கிடுவா. பெத்தவளுக்குத் தன் வாயைப் பத்தித் தெரியாதா? எழுதி முடிச்சதும், "எனக்கு இதுல ஒரு எழுத்துகூட ஞாபகம் இருக்காது"ன்னு தாளை மடிச்சு என் கையில குடுத்தார். பிரிக்காமலேயே பூஜைத் தட்டுல வெச்சு, சூடம் ஏத்தி, "தாயே, அகல்யா பத்தாவதுல நானூறு மார்க்குக்கு மேல வாங்கி ரிசல்ட் வர்ற வரைக்கும் இந்த வீட்டுல மெயிலைத் தவிர வேற ஒண்ணும் திறக்காது, நீதான் காவல், நல்லபடியா முடிஞ்சா உன் சன்னிதியில பொங்கல் வெக்கிறேன்" அப்படின்னு வேண்டிகினு, தட்டுல இருந்த தாளை எடுத்து ஒரு ரூபாக் காசோட சேர்த்து மஞ்சத் துணியில முடிஞ்சு, அம்மன் படத்துக்குக் கீழே வெச்சுட்டேன். தட்டுல மிச்சம் இருந்த சீட்டை வழக்கம்போலக் கணக்கு நோட்டுல ஒட்டிட்டேன். பால் சீட்டு, தையல் சீட்டு எதுவா இருந்தாலும் மேல் ஓரத்துல மட்டும் பசை தடவி நோட்டுல ஒட்டறது என் வழக்கம்தான், உனக்குத் தெரியாதது இல்ல.

இரும்புப் பெட்டியில பூட்டி வெச்சா சாவியைத் தேடுவாங்க. சாமிக்கு முடிஞ்சு வெச்ச முடிச்சை யார் தொடுவாங்க சொல்லு. ரெண்டு பொண்ணுங்களையும் கூப்பிட்டு சூடத்து மேல சத்தியம் வாங்கினேன். காவ்யா தானா முன்னால வந்து, "அம்மா, சத்தியமா இந்த முடிச்சை நான் தொடவே மாட்டேன்"ன்னு சொன்னா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அப்பாலே கணக்கு நோட்டுல மெயிலுக்குன்னு ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஒரு நாளைக்கு ஆளுக்கு இருபது நிமிஷம். எத்தனை மணிக்குத் திறந்தாங்க, எத்தனை மணிக்கு மூடினாங்கன்னு அவங்களே எழுதிக் கையெழுத்துப் போடணும். ஒரு நாள்கூட விடாம போடறாங்க, தம்பி. முன்னெல்லாம் நோட்டைக் கண்டாலே ஓடுவாங்க, இப்ப ஸ்கூல் விட்டு வந்ததும் பையை வெக்கிறதுக்கு முன்னாடி "நோட்டு எங்கம்மா"ன்னு கேக்கறாங்க. போன வாரம் நடந்த திருப்புதல் தேர்வுல அகல்யா கணக்குல எவ்ளோ தெரியுமா? 71! நெட்டை மூடின பதினேழாம் நாள் 71. நான் தெருவுல நாலு வீட்டுக்குச் சொல்லி, ரெண்டு வீட்டுல மஞ்சத் துணி வாங்கிட்டாங்க.

இப்படி நல்லாத்தான் போய்கினு இருந்துச்சு. தை கடைசி ஞாயித்துக்கெழமை கலசப்பாக்கத்துல உன் மாமனார் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்துச்சு. பொண்ணுங்களுக்குப் படிப்பு கெடக் கூடாதுன்னு நான் மட்டும் சீர்த்தட்டோட வந்தேன். அங்க உன்னைப் பார்த்து எனக்கு மனசே சரியில்ல, தம்பி. ஞாயித்துக்கெழமைகூட உனக்கு ஓய்வு இல்லியே. சுபத்ரா என்கிட்ட சொன்னா: "அண்ணி, விசேஷத்துக்கு வந்த எடத்துல போனைத் தொடக் கூடாதுன்னு ஸ்ட்ரிக்டா சொல்லிட்டேன். ஆபீஸ் மெயில் மட்டும் பாத்துக்கறேன்னு கெஞ்சினார், சரி போகட்டும்னு விட்டேன்." நீயும் தூண் ஓரமா நின்னுகினு மெயிலாப் பாத்துகினு இருந்தே. பந்தியில பாயசம் வர்ற நேரம், சரியா ஒண்ணே முக்கால், ஏதோ ஆபீஸ் வேலை முடிஞ்ச சந்தோஷத்துல "யெஸ்!"ன்னு நீ கத்தின கத்துல, பாயசம் ஊத்தறவர் பயந்து ஒரு கரண்டியை உன் மாமனார் மடியில விட்டுட்டார். வேலைன்னா இப்படித்தான் மூழ்கணும்னு நான் சுபத்ராவோட அம்மாகிட்ட உன்னை விட்டுக் குடுக்காமதான் பேசினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மெயிலைத் திறந்தா எனக்கு மயக்கமே வந்துடுச்சு. ஒரே நாள்ல இருநூத்தி ஐம்பத்து மூணு மெயில்! கடைக்காரர்தான் மொத்தமா ஆர்டர் குடுத்துட்டார்னு ஓடிப்போய் உன் மாமாவை எழுப்பிகினு வந்து படிக்கச் சொன்னா, "மூணாவது பால், ஒண்ணும் இல்ல." "நாலாவது பால், ஃபோர்." "அஞ்சாவது பால், வைடு, மறுபடி போடறான்." கிரிக்கெட் மேட்சை ஒவ்வொரு பாலா எழுதி மெயில் மெயிலா இருக்கு. ஒரு மெயில்ல "ஐயோ"ன்னு ஒரே வார்த்தை. காவ்யாவைக் கூப்பிட்டு, "இன்னாடி இது?"ன்னு கேட்டேன். "மெயில் மட்டும்தானேம்மா பாக்கலாம்னு சொன்ன? மெயில்தான் பாத்தேன், நோட்டுல கையெழுத்துகூடப் போட்டிருக்கேன்"ன்றா. நோட்டைப் பார்த்தா நெஜமாவே இருபது நிமிஷம்னு போட்டுக் கையெழுத்து. டிவியில மேட்ச் பாக்கற சிநேகிதி ஒருத்தி, இவ பாக்க முடியலியேன்னு பாவப்பட்டு எழுதி அனுப்பறாளாம். என்னன்னு திட்டறது? இட்லி கூடும்னு சொன்னது நானு. எத்தனை இட்லின்னு சொல்லாம விட்டதும் நானு. உன் மாமா பின்னால நின்னுகினு சிரிக்கறார். அவர் என்னமோ இப்பல்லாம் ஒரு மாதிரி சிரிச்சுகினே இருக்கார்.

இந்த மெயில் மலையில ஒரு பேஜார் ஆயிடுச்சு. கோயம்புத்தூர் கடைக்காரர் ஜெயக்குமார் அன்னைக்கு அனுப்பின மெயிலு பதினாலாவது ஓவருக்கு நடுவுல மாட்டிகினு எங்க யார் கண்ணுலயும் படல. எட்டு நாள் கழிச்சு அவரே போன் பண்ணிட்டார். "மாணிக்கவேல் சார், நீங்க மெயில்ல அனுப்பின போட்டோவுல புடவை வெறும் நீலமாத் தெரியுதே, நான் கேட்டது மயில்கழுத்து ஆச்சே, கல்யாண வீட்டுல சந்தேகப்படறாங்க"ன்னார். உனக்குத் தெரியும், மயில்கழுத்துன்னா நெடுக்க ஓடற பாவு ஒரு கலரு, குறுக்க ஓடற ஊடை ஒரு கலரு. இப்படிப் பார்த்தா நீலம், அப்படித் திருப்பினா பச்சை. அதை ஒரு போட்டோவுல எப்படிக் காட்டறது? புடவையை வெயில்ல புரட்டிப் புரட்டிக் காட்டணும். "வீடியோ கால்ல வந்து காட்டிடுங்க சார், ஒரே நிமிஷம், அடுத்த வாரம் புதன்கிழமைக்குள்ள காட்டிட்டீங்கன்னா பொண்ணுக்கும் அக்கா தங்கச்சிங்களுக்கும் சேர்த்து அஞ்சு புடவை உங்களுக்குத்தான், இல்லேன்னா நான் வேற எடம் பாக்கணும்"னு சொல்லிட்டார். உன் மாமா நாப்பது நாள் உக்காந்து நெய்ஞ்ச புடவை, தம்பி. பக்கத்து வீட்டுப் போனை வாங்கிக் காட்டலாம்னா, நம்ம டிசைன் மறுநாளே இன்னொரு தறியில ஏறிடும். என் போனுக்கு நெட்டு போட்டா வேண்டுதல் முறிஞ்சுடும். வேண்டுதலைக் காப்பாத்தினா புடவை போச்சு, புடவையைக் காப்பாத்தினா அகல்யாவோட நானூறு போச்சு. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல.

சரி, அம்மனையே கேட்டுடலாம்னு வெள்ளிக்கெழமை காலம்பர ஜல்தியாக் குளிச்சுட்டு, காவ்யாவையும் குளிக்க வெச்சு நம்ம தெரு அம்மன் கோயிலுக்குக் கூட்டிகினு போனேன். பூ கேக்கறதுதான். மல்லிப்பூ ஒரு காகிதத்துல, செவப்பு அரளி ஒரு காகிதத்துல, ரெண்டையும் ஒரே மாதிரி மடிச்சு அம்மன் காலடியில போட்டு, "தாயே, முடிச்சை அவிழ்த்து அரை மணி நேரம் நெட்டைத் திறக்கலாமா?"ன்னு கேட்டு, சின்னப் பொண்ணை விட்டு ஒண்ணு எடுக்கச் சொல்லணும். வெள்ளை வந்தா உத்தரவு. செவப்பு வந்தா இல்ல. காவ்யா எவ்ளோ பக்தியா எடுத்தா தெரியுமா! கண்ணை இறுக்கி மூடிகினு, ஒவ்வொரு பொட்டலத்தையும் எடுத்து முகத்துகிட்ட கொண்டு போய்க் கண்ணுல ஒத்திகினு, ரொம்ப நேரம் அப்படியே நின்னு, அப்பாலேதான் ஒண்ணை நீட்டினா. செவப்பு. மனசு கேக்கல, மறுபடி போட்டேன். செவப்பு. மூணாவது தடவையும் செவப்பு. பூசாரியே கையெடுத்துக் கும்பிட்டுட்டு, "அம்மா, ஆத்தா இந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பா இருக்கா"ன்னுட்டார்.

இதுக்கு நடுவுல இன்னொரு தலைவலி. பொங்கலுக்கு சுபத்ரா குடுத்து அனுப்பின ரவிக்கைத் துணியைத் தையல்கார பொன்னம்மாள்கிட்ட குடுத்திருந்தேன் இல்லியா? வாங்கப் போனா, சீட்டு குடுன்றா. சீட்டுல இருக்கற நம்பரைப் பார்த்துத்தான் மூட்டையைத் தேடணுமாம், எரநூறு மூட்டை கெடக்குது. நானும் கணக்கு நோட்டை எடுத்துகினு போய், ஒட்டி வெச்ச சீட்டைத் தூக்கிக் காட்டினேன். அவளும் காலண்டர் தாளோட பின்பக்கம்தான் நம்பர் போட்டுக் குடுப்பா. ஆனா இதுல பார்த்தா நம்பரே இல்ல, இங்கிலீஷ்ல குட்டி எழுத்தும் பெரிய எழுத்தும், நடுவுல முறுக்குச் சுத்தின மாதிரி ஒரு குறியும், கோழி கிளறின மாதிரி இருக்கு. எனக்குப் பெரிய எழுத்து மட்டும்தான் படிக்க வரும், அதுவும் பஸ் போர்டைப் பார்த்து நானாக் கத்துகினது. "இது என் சீட்டே இல்ல"ன்றா பொன்னம்மாள். "உன் சீட்டு இல்லாம என் நோட்டுல எப்படி ஒட்டிகினு இருக்கும்? பதினாலு வருஷமா நான் எழுதற நோட்டுல ஒரு சீட்டு மாறினது கெடையாது. நீ எழுதினது உனக்கே புரியலேன்னா அதுக்கு நான் பொறுப்பா?"ன்னு கேட்டேன். "வயசாயிடுச்சுக்கா உனக்கு"ன்னு சொல்லிட்டா, என்னைவிட நாலு வயசு பெரியவ. சுபத்ராகிட்ட சொல்லிடு, தப்பு என் பேருல இல்ல, பொன்னம்மாள் புத்திசாலித்தனமா நடந்துக்கப் பார்க்கறா, நான் விடமாட்டேன்.

ஆகவே தம்பி, உன்னிடம் கேட்பது இதுதான். முடிச்சை நான் அவிழ்க்க முடியாது, அம்மன் உத்தரவு இல்லை. பிள்ளைகளோ சொன்ன சொல் காப்பாற்றி, முடிச்சு இருக்கிற பக்கம்கூடப் போகாமல் நடந்துகொள்கிறார்கள். அவர்கள் எதிரே பெரியவர்கள் நாமே வாக்குத் தவறினால் நன்றாக இருக்காது. ஆனால் நீ பெங்களூரில் இருந்தபடியே, நாங்கள் யாரும் கையை வைக்காமல், செவ்வாய்க்கிழமை காலை பத்தில் இருந்து பத்தரை வரைக்கும் வீடியோவுக்கு மட்டும் திறந்துவிட்டு மூடினால், திறந்தது நீ, நாங்கள் இல்லை. நான் வேண்டிக்கொண்டது "இந்த வீட்டுல" என்றுதான். பெங்களூரில் திறப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்தேன், இதில் பாவம் இல்லை. முடியாவிட்டால் உன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நாளைக்கே பஸ் ஏறு. நம் குடும்பத்தில் நம்பிக்கையாக நான் கேட்கக்கூடிய ஒரே ஆள் நீதான்.

சுபத்ராவுக்கு என் அன்பைச் சொல். உன் மாமனார் மடியில் பாயசக் கறை போனதா என்று கேட்டதாகவும் சொல். தீர்க்காயுசோடு, கண் நோவு இல்லாமல், அதிக மெயில் தொல்லை இல்லாமல் இருக்க அம்மன் உன்னைக் காப்பாள். கவரில் கொஞ்சம் குங்குமம் வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது விசிறியை நிறுத்திவிட்டுப் பிரி.

இப்படிக்கு,
உன் நலம் தவிர வேறொன்றும் நினையாத அக்கா,
உண்ணாமலை

பி.கு.: மேலே எழுதியது எதையும் நம்பாதே.

கவரை ஒட்டறதுக்கு முன்னாடி, பொன்னம்மாளை ஒரு கை பாத்துடலாம்னு நோட்டோட மறுபடி போனேன். இன்னைக்கு அவ பொண்ணு சுகன்யா கடையில இருந்தா, காலேஜ் படிக்கறவ. சீட்டைப் பார்த்துட்டு, "அக்கா, இது தையல் சீட்டு இல்ல, நெட்டு பாஸ்வேர்டு மாதிரி இருக்கு, இதைப் போயி ஊர் பூராக் காட்டிகினு திரியறீங்களே"ன்னா. நான் அப்படியே அந்தத் தையல் மெஷின் மேலேயே உக்காந்துட்டேன்.

புரியுதா? தட்டுல ரெண்டு காலண்டர் தாளு இருந்திருக்கு. நான் அம்மனுக்கு முடிஞ்சு வெச்சது சுபத்ராவோட ரவிக்கைச் சீட்டு. பாஸ்வேர்டை நோட்டுல ஒட்டி, தினம் ரெண்டு பொண்ணுங்களும் கையெழுத்துப் போடற எடத்துல நானே விரிச்சு வெச்சிருக்கேன்.

வீட்டுக்கு வந்து ரெண்டு பேரையும் நிக்க வெச்சேன். "முடிச்சைத் தொடமாட்டேன்னுதானேம்மா சத்தியம் பண்ணேன்? தொடவே இல்லியே"ன்றா காவ்யா. ரெண்டாம் நாளே தெரிஞ்சுடுச்சாம். "அப்ப பூ?"ன்னேன். "கண்ணை மூடச் சொன்ன, மூக்கை மூடச் சொல்லலியேம்மா. மல்லி மணக்குது, அரளி மணக்கல. முடிச்சை அவிழ்த்தா மாட்டிக்குவோம்ல?" அகல்யா வாங்கின 71 எப்படின்னு கேட்டேன். தினம் வீடியோவுல யாரோ ஒரு வாத்தியார் கணக்கு சொல்லித் தர்றாராம், அவரைப் பார்த்துத்தானாம். மஞ்சத் துணி வாங்கின ரெண்டு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?

உன் மாமா தறியை நிறுத்தாமலே, "புடவையைப் பத்திக் கவலைப்படாத, நேத்து காலையில நீ எள் தீபம் ஏத்தப் போனப்ப அகல்யா வீடியோ கால் போட்டுக் குடுத்தா, மாடி வெயில்ல காட்டிட்டோம், ஜெயக்குமார் அஞ்சு புடவைக்கும் ஓகே சொல்லிட்டார்"ன்றார். அவருக்கும் தெரிஞ்சிருக்கு! தறியில உக்காந்துகினு சிரிச்சது எல்லாம் போனைப் பார்த்துத்தான். முதலை ஒண்ணு மானைப் பிடிக்கப் போய்த் தண்ணியில வழுக்கி விழுதாம். நாப்பது நாள் நெய்ஞ்ச புடவை எப்படி நாப்பது நாள் ஆச்சுன்னு இப்பதான் தெரியுது.

சரி, பூ கேட்டதுதான் பொய்யாப் போச்சே, முடிச்சை அவிழ்த்து ரவிக்கைச் சீட்டையாவது எடுத்துடலாம்னு, மணமே இல்லாத நந்தியாவட்டையும் செம்பருத்தியும் மடிச்சு, நானே என் கையால எடுத்தேன். செவப்பு. இது மூக்கால வந்த உத்தரவு இல்ல, நெஜ உத்தரவு. அதனால சுபத்ராவோட ரவிக்கை, அகல்யா ரிசல்ட் வந்து நாம பொங்கல் வெச்ச அப்பாலேதான்.

இப்ப உன் விஷயம். அந்த இருநூத்தி ஐம்பத்து மூணு மெயிலையும் சுகன்யாவை வரச் சொல்லித் திறந்து காட்டச் சொன்னேன். "அக்கா, உங்க மெயில்ல வந்ததும் போனதும் ஒரே வரிசையில தெரியுது, இதெல்லாம் வந்த மெயில் இல்ல, இங்கிருந்து போன மெயில்"ன்னா. ஒவ்வொண்ணுக்கும் மேல உன் பேரு. வீட்டுல உக்காந்து மேட்ச் பார்த்தது காவ்யா. ஒவ்வொரு பாலா எழுதி அனுப்பினது காவ்யா. கலசப்பாக்கத்துல தூண் ஓரமா நின்னுகினு "ஆபீஸ் மெயில்" படிச்சது நீ. ஒண்ணே முக்காலுக்குப் போன மெயில்ல "சிக்ஸ்ஸ்ஸ்"ன்னு எழுதியிருக்கு. உன் மாமனார் மடியில பாயசம் விழுந்த நேரமும் அதுதான், ரெண்டையும் என் நோட்டுல பக்கத்துப் பக்கத்துல எழுதிட்டேன். ஆறு நாளா உனக்குப் பாஸ்வேர்டு ஏன் ஞாபகம் வரலேன்னும் தெரிஞ்சுபோச்சு.

பயப்படாதே, சுபத்ராகிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன். ரவிக்கை ஏன் வரலேன்னு அவகிட்ட எடுத்துச் சொல்ற பொறுப்பு உன்னுது. அகல்யா வீடியோவுல கணக்கு படிக்கட்டும், மத்ததை எல்லாம் நீயே மூடிடு, புது பாஸ்வேர்டை என்கிட்டகூடச் சொல்லாதே. வேண்டுதல் முறிஞ்சதுக்கு அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டு, இன்னொரு மஞ்சத் துணியில ஒரு ரூபா முடிஞ்சு வெச்சுட்டேன். இந்தத் தடவை உள்ளே சீட்டு எதுவும் இல்ல, ரெண்டு தரம் பார்த்துட்டேன். அகல்யா நானூறு வாங்கினா உனக்கு மொட்டை போடறதா நேர்ந்துகினு இருக்கேன்.

போனைக் கொண்டுவரக் கூடாது. ஆனா கத்தி தலையில ஓடறப்ப அலுப்பா இருந்துச்சுன்னா, மெயில் மட்டும் பாத்துக்கலாம்.